ஆசையை எண்ணும் மரம்

ஜப்பானிய பௌத்தர்களின் ஜெபமாலைக்கு ஜுஸு என்று பெயர். அதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டும் சூத்திரம் மிகச் சிறியது. எல்லைப்புறத்தில் ஒரு குட்டி நாடு. அதன் அரசன் புத்தருக்குத் தூது அனுப்புகிறான். ஓயாத கொள்ளை, நோய், தானிய விலையேற்றம், குடிமக்களின் அவதி. இத்தனைக்கும் நடுவே ஆழ்ந்த தருமங்களைக் கற்கத் தனக்கு ஒழியவில்லை, சுருக்கமாக ஏதாவது வழி சொல்லியருள வேண்டும் என்று கேட்கிறான். புத்தர் சொன்ன வழி இது: பூந்திக்கொட்டை விதை 108 எடுத்து நூலில் கோத்து எப்போதும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும், நடந்தாலும் இருந்தாலும் கிடந்தாலும் புத்தம், தருமம், சங்கம் என்று சொல்லி ஒரு விதையைத் தள்ள வேண்டும், பத்து லட்சம் முறை நிறைந்தால் 108 ஆசைத் தளைகளும் அறும்.

பூந்திக்கொட்டை நமக்கும் பழக்கமானதுதான். பட்டுப்புடவை அலசவும், தட்டார் பட்டறையில் நகை துலக்கவும் ஊறவைப்பார்கள். தோல் நுரைக்கும், உள்ளே இருக்கும் கறுத்த விதையை எவரும் சீந்துவதில்லை. கஜானா வறண்ட ஓர் அரசனுக்கு இதைவிடப் பொருத்தமான பொருளைப் பரிந்துரைத்திருக்க முடியாது.

அந்த விதையில் செய்த ஜுஸு இன்றும் ஜப்பானில் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் விலைப்பட்டியலின் மேல்வரிசை வேறு. சந்தனம், செம்மர வகைகள், கருங்காலி, வரியோடிய கருங்காலி, தகயாசன், அகில், அகிலிலும் உச்சமான கியாரா, பிறகு யகுஷிமா தீவின் ஆயிரமாண்டுச் சுகி மரம். இவற்றில் பல நம் பக்கத்து மலைகளிலும் இலங்கையிலும் வளர்பவை. தகயாசன் என்று அவர்கள் மதிக்கும் மரம், நம் சாலையோரங்களில் மஞ்சளாகப் பூத்து, அகலப்படுத்தும் பணிக்காக முதலில் வெட்டப்படும் கொன்றை இனம். கியாராவோ கிராம் கணக்கில் விலைபேசப்படுவது. மணிக்கட்டில் அணியும் ஒற்றைச்சுற்று மாலையாக இவை எல்லாமே விற்கின்றன. ஜபம் செய்யாதவர்களும் அணிகிறார்கள். அவர்களைப் பார்த்து நாம் சிரிப்பதற்கில்லை. தமிழ்நாட்டில் கருங்காலி மாலைக்கு வந்த மவுசில், சாயம் ஏற்றிய எந்த மரமும் கருங்காலியாகிக் கழுத்தில் ஏறியதை நாமே பார்த்தோம்.

ஒரு ஜுஸுவைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் அமைப்பு புரியும். முதன்மை மணிகள் 108. அவற்றின் வட்டம் கூடும் இடத்தில் பெரிதாக ஒரு தாய்மணி. எண்ணுகிற விரலுக்கு இடம் தெரிய, இடையிடையே வேறு நிறத்தில் நான்கு சின்ன மணிகள். தாய்மணியிலிருந்து தொங்கும் சரடுகளில் சீடர் மணிகள். அவற்றின் நுனியில் பனித்துளி மணி. அதற்கும் கீழே பட்டுக் குஞ்சம். தெந்தாய் பிரிவினரின் மணிகள் தட்டையானவை, மணிச்சட்டத்துக் காய் போல. ஜோதோ பிரிவில் இரண்டு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோக்கப்பட்டு, ஆயிரக்கணக்கில் ஜபித்தாலும் கணக்குத் தவறாதபடி இருக்கும். ஈமச்சடங்குக்குப் போகும் சாதாரண ஜப்பானியர் இவ்வளவு நீளமானதை எடுத்துப்போவதில்லை. எண்ணிக்கையைப் பாதியாக, காலாகக் குறைத்த சின்ன மாலை அவர்களுக்குப் போதும்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஜோதோ ஷின்ஷு பிரிவின் வழக்கம். ஜபத்தின் எண்ணிக்கையால் முக்தி வாங்க முடியாது என்பது அவர்கள் கொள்கை. அதனால் மாலை உண்டு, எண்ணுவது இல்லை. சீடர் மணிகள் நகராதபடி சரட்டில் ஒரு முடிச்சும் போட்டுவிடுவார்கள். 15ஆம் நூற்றாண்டில் அந்தப் பிரிவை வளர்த்த ரென்னியோவின் பெயரால் வழங்கும் முடிச்சு அது. அதே ரென்னியோ, மாலை இல்லாமல் வெறுங்கையோடு புத்தர்முன் வருவோரைக் கண்டித்திருக்கிறார். எண்ணவும் கூடாது, இல்லாமல் இருக்கவும் கூடாது. அப்படியானால் மாலைக்கு மிஞ்சுவது என்ன? பார்க்க நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மரத்தின் ரேகையைப் பற்றிப் பேச இங்கேதான் இடம் பிறக்கிறது.

ஜப்பானியர் மரத்தின் ரேகையைப் பார்ப்பதில் தேர்ந்தவர்கள். நேர்ரேகை, அலைரேகை, புலிவரி, கணுப்பகுதியில் குமிழ்குமிழாகச் சுருளும் ரேகை என்று தனித்தனியே பிரித்து விலை வைப்பார்கள். மரத்தைச் சதுரக் குச்சிகளாக அறுத்து, துண்டாக்கி, துளையிட்டு, கடைந்து உருட்டி, மெருகேற்றுகிறார்கள். ஒரே கட்டையிலிருந்து எடுத்த மணிகளால் ஆன மாலைக்கு மதிப்பு அதிகம். ரேகையும் நிறமும் ஒத்துப்போகும் அல்லவா. இதில் சிறு கணக்கு ஒன்றும் உண்டு. கனசதுரத் துண்டிலிருந்து எவ்வளவு கவனமாக உருண்டை கடைந்தாலும் நூற்றுக்கு 52 பங்குதான் மணியாகும். மீதி தூள். நடுவில் துளையிடுவதும் அறுவைவாய்ச் சேதமும் சேர்ந்தால் பாதிக்கு மேல் போய்விடும். ஆயிரம் ஆண்டு வளர்ந்த மரமானாலும் இந்த விகிதத்துக்கு விலக்கு இல்லை.

அரிய மரம் ஜப்பானுக்கு முதன்முதலில் வந்த கதையும் சொல்லத்தக்கது. நிஹோன் ஷோகி என்ற பழைய வரலாற்று நூலின்படி, கி.பி. 595இல் அவாஜி தீவின் கரையில் ஒரு மரக்கட்டை ஒதுங்கியது. தீவுவாசிகள் அதை விறகோடு சேர்த்து அடுப்பில் வைத்தார்கள். புகை மணத்தது. பதறிப்போய் எடுத்து அரசவைக்கு அனுப்பினார்கள். அது அகில். தென்கிழக்காசியக் காடுகளில் காயம்பட்ட மரம் பூசணத்தோடு போராடிச் சுரக்கும் பிசின் அது. நலமாக இருக்கும் மரத்தில் மணமில்லை. அகிலுக்கு ஜப்பான் கொடுத்த பிற்கால மரியாதை தனி வரலாறு. நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் ரஞ்சதாய் என்ற ஒன்றரை மீட்டர் நீள அகில் கட்டை இருக்கிறது. 1465இல் ஆஷிகாகா யோஷிமாசா, 1574இல் ஓதா நொபுநாகா, 1877இல் மெய்ஜி பேரரசர் என்று ஆட்சியில் இருந்தவர்கள் அதில் சில்லு வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடங்களில் யார் வெட்டியது என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. ஒரு நாட்டின் அதிகார வரலாற்றை இவ்வளவு சிக்கனமாக வேறெங்கும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

ஹோர்யூஜி ஆலயத்தில் இருந்து இப்போது தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள இரண்டு சந்தனக் கட்டைகள் இதைவிட அடக்கமானவை. அவற்றின்மேல் பஹ்லவி எழுத்தில் கீறலும் சோக்டிய எழுத்தில் சூட்டுக்குறியும் உள்ளன. எட்டாம் நூற்றாண்டிலேயே ஜப்பானில் இருந்தவை. பாரசீகனும் மத்திய ஆசியனும் கைமாற்றிய சரக்கு என்பதற்கு அந்தக் குறிகளே சாட்சி. கட்டையாக இருக்கும்வரை மரம் தன் பயணத்தைச் சொல்லும். மணியாகிவிட்டால் அதன் மேற்பரப்பில் எந்தக் குறியும் எஞ்சாது. மெருகேற்றுவதன் வேலையே அதுதானே.

யகுஷிமாவின் கதை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டியது. ஜப்பானின் கியூஷு தீவின் தென்முனைக்கு அப்பால், கடலிலிருந்து செங்குத்தாக எழும் கருங்கல் மலைத்தீவு. மியனோஉரா சிகரத்தின் உயரம் 1,936 மீட்டர். மழை ஓயாத ஊர். மண் குறைவு, சத்தும் குறைவு. அதனால் சுகி மரம் மிக மெதுவாக வளர்கிறது. ஆண்டு வளையங்கள் நெருங்கி விழுகின்றன. உடம்பெல்லாம் பிசின் சேர்கிறது. அந்தப் பிசினால் விழுந்து கிடந்தாலும் எளிதில் மக்காது. ஆயிரம் ஆண்டு தாண்டியதை மட்டுமே யகுசுகி என்பார்கள். அதற்குக் குறைந்ததற்குச் சின்னச் சுகி என்று பெயர். தொள்ளாயிரம் வயதானாலும் அங்கே சின்னதுதான்.

தீவு மக்கள் அந்த மரங்களைத் தெய்வமாகக் கருதிக் கோடரி வைக்காமல் இருந்தார்கள். இதை மாற்றியவர் தொமாரி ஜோச்சிகு என்ற அறிஞர், 17ஆம் நூற்றாண்டில் அதே தீவின் அன்போ ஊரைச் சேர்ந்தவர், படித்தவர், மக்கள்மேல் அக்கறை கொண்டவர். நெல் விளையாத தீவில் வறுமையைப் போக்க மரம்தான் வழி என்று கண்டார். மலைக்குப் போய்த் தவமிருந்து திரும்பி, வெட்டலாம் என்று தெய்வம் உத்தரவு கொடுத்ததாக அறிவித்தார் என்பது மரபு. ஐயப்படுபவர்களுக்காக ஒரு சோதனையும் சொன்னாராம். வெட்டவிருக்கும் மரத்தின்மேல் கோடரியைச் சாய்த்து வைத்துவிட்டு வர வேண்டும். காலையில் அது விழுந்து கிடந்தால் தெய்வத்துக்குச் சம்மதமில்லை. சாய்த்தபடியே இருந்தால் சம்மதம். சாய்த்து வைத்த கோடரி எத்தனை இரவில் தானாக விழும் என்பது தீவுவாசிகளுக்கும் தெரிந்திருக்கும். ஜோச்சிகுவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பசித்தவனுக்கும் தெய்வத்துக்கும் நடுவில் யாராவது ஒருவர் பேச்சுவார்த்தை நடத்தித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

அதற்குப்பின், தீவை ஆண்ட சட்சுமாவின் ஷிமாசு பிரபுக்கள் மரத்தைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டார்கள். தீவு மக்கள் நெல்லுக்குப் பதில் மரச்சில்லையே வரியாகக் கட்டினார்கள். கூரை வேய்வதற்கான மெல்லிய பலகை. ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான நீளம். நேராகப் பிளக்கக்கூடிய மரம்தான் அதற்கு ஆகும். எனவே வெட்டியவர்கள் அடிமரத்தின் முண்டு முடிச்சைத் தவிர்க்கச் சாரம் கட்டி ஏறி, ஆள் உயரத்துக்கு மேலே வெட்டினார்கள். நேரான நடுப்பகுதியை அங்கேயே சில்லுகளாகப் பிளந்து முதுகில் சுமந்து இறக்கினார்கள். அடிக்கட்டை, கிளைத்தலை, கோணல் துண்டு எல்லாம் பாசி மூடக் காட்டிலேயே கிடந்தன. கோணலான மரங்களைத் தொடவே இல்லை. 1966இல் வெளியுலகுக்குத் தெரியவந்த ஜோமோன் சுகியும் அப்படி ஒதுக்கப்பட்டதுதான். அதன் வயதை 2,170 என்பவர்களும் உண்டு, 7,200 என்பவர்களும் உண்டு. உடம்பெல்லாம் கட்டியும் முறுக்கும். கூரைக்கு உதவாது என்பதால் பிழைத்த மரம்.

நல்லதாக இருந்ததன் கதி என்ன என்பதற்கு வில்சன் அடிக்கட்டையைப் பார்க்கலாம். 1914இல் எர்னஸ்ட் வில்சன் என்ற ஆங்கிலத் தாவரவியலாளர் உலகுக்கு அறிவித்ததால் அந்தப் பெயர். உள்ளே குகைபோல் வெறுமை. அங்கே ஒரு சிறு கோயிலும் ஊற்றும். ஜோச்சிகுவின் அனுமதிக்கும் முன்பே, 1586 வாக்கில், அன்று ஜப்பானை ஆண்ட தொயோதோமி ஹிதேயோஷி கியோத்தோவில் எழுப்பிய ஹோகோஜி ஆலயத்தின் பெரிய புத்தர் மண்டபத்துக்காக அந்த மரம் வெட்டப்பட்டதாகச் சொல்வார்கள். குடியானவர்களிடம் வாள்களைப் பறித்தபோது, அந்த இரும்பு புத்தர் மண்டபத்துக்கு ஆணியாகும், புண்ணியம் என்று சொன்னவரும் அவர்தான். 1596 நிலநடுக்கத்தில் அந்தப் புத்தர் சிலை உடைந்து சரிந்தது. அடிக்கட்டை இன்னும் நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் அரசு வனத்துறை வந்தது. 1923இல் மரம் இறக்க மலைமேல் ரயில்பாதை போட்டது. போருக்குப்பின் இயந்திர ரம்பம் வந்தது. முந்நூறு ஆண்டில் கோடரியால் முடியாதது சில பத்தாண்டுகளில் நடந்தது. தீவின் இளைஞர்களே எதிர்த்துப் போராடி, எழுபது எண்பதுகளில் பழமரங்களை வெட்டுவது நின்றது. 1993இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் யகுஷிமா சேர்ந்தது. அதே ஆண்டில்தான் ஹோர்யூஜியும் சேர்ந்தது.

உயிர்மரத்தை வெட்டக் கூடாது என்றானதும் கண் கீழே போனது. ஷிமாசு காலத்து மரவெட்டிகள் குப்பை என்று விட்டுப்போன அடிக்கட்டைகளும் கோணல் துண்டுகளும் பாசிக்கடியில் மக்காமல் இருந்தன. அவற்றைத் தோண்டி, ரயில்பாதை போகாத இடத்தில் ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு இறக்கி, ஏலத்தில் விற்றார்கள். எந்த முடிச்சும் முறுக்கும் அன்று மரத்தைப் பயனற்றதாக்கியதோ அதே முடிச்சின் குமிழ்ரேகை இன்று மணியாக உருண்டு தனி விலை பெறுகிறது. யகுசுகி மணி செம்மர மணிபோலக் கனக்காது. உள்ளங்கையில் வைத்தால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத லேசு. ஆனால் நெருங்கிப் பார்த்தால் மயிரிழை வளையங்கள். பட்டாணி அளவு மணியிலும் பல ஆண்டுகளின் கோடுகளை எண்ணலாம். புதைந்த கட்டைகளை எடுப்பதும் நின்றுவிட்டதால், கையிருப்பு தீரத்தீர விலை ஏறும் என்று விற்பவர்களும் மறைப்பதில்லை.

இதுவரை சொன்னதில் பாவம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. விழுந்த மரம், பழைய குப்பை, நல்ல கைவினை. பெரிய பலகைக்கு ஆகாத துண்டையும் பயன்படுத்தத் தெரிந்த தொழில் என்று மணி கடைபவர்களைப் புகழவும் செய்யலாம். செம்மரத்துக்கு வரும்போதுதான் இப்படிப் பேச வாய் எழவில்லை.

செம்மரம் உலகில் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், பெரும்பாலும் ஆந்திரத்தின் கடப்பை, சித்தூர், நெல்லூர் வட்டாரங்களில். ஒரு காலத்தில் அது சாயமரம். ஐரோப்பாவில் துணிக்கும் மருந்துக்கும் சிவப்பேற்றக் கப்பலேறியது. ஜப்பானில் அதற்குக் கோகி என்று பெயர். ஷமிசென் என்ற மூன்று தந்தி இசைக்கருவியின் கழுத்துக்கு அதைவிட உயர்ந்த மரம் இல்லை என்பார்கள். அலைரேகை உள்ள கட்டைக்கு விலை பல மடங்கு. நீரில் மூழ்கும் கனம், மெருகேற்றினால் ரத்தச் சிவப்பு, நாளாக ஆகக் கருஞ்சிவப்பு. அது ஜெபமணியும் ஆகிறது. சீனத்தில் அதன் கைமாலைக்குப் பெரும் சந்தை.

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். செம்மரம் வெட்டப் போனவர்கள் என்றது காவல்துறை. கல்லாலும் அரிவாளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது. பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டின; தேசிய மனித உரிமை ஆணையம் விசாரித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள், பலர் ஜவ்வாது மலை வட்டாரத்துக் கூலிகள். பெயின்ட் வேலை, கட்டட வேலை என்று கிளம்பியவர்கள் என்றார்கள் வீட்டில். யகுஷிமாவில் ஜோச்சிகு தெய்வத்திடம் அனுமதி வாங்கிக்கொடுத்தார். இவர்களுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை, மேஸ்திரிதான் வாய்த்தார்.

மரத்தைக் காக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. அழியும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் செம்மரம் இருக்கிறது. அகிலின் ஒரு முக்கிய இனமும் அதே ஆண்டில் சேர்ந்தது, மற்ற அகில் இனங்கள் பத்தாண்டு கழித்து வந்தன. பட்டியலோடு அடிக்குறிப்புகள் உண்டு. எந்த மரத்தின் எந்த வடிவத்துக்குக் கட்டுப்பாடு என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. அகிலைப் பொறுத்தவரை, சில்லறை விற்பனைக்குப் பொட்டலம் கட்டித் தயாரான பொருளுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு மணிகளுக்கும் ஜெபமாலைகளுக்கும் பொருந்தாது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். ஜெபமாலை வழியாகக் காடு வெளியேறுகிறது என்பதைக் கண்டுகொண்ட வாசகம் அது. எழுதியவர் யாராக இருந்தாலும் கைகூப்பலாம்.

செம்மரத்துக்கான குறிப்பு வேறு. கட்டை, சிராய், தூள், சாறு ஆகிய நான்குக்கும் கட்டுப்பாடு, அதோடு நிற்கிறது. இந்தியாவின் உள்நாட்டுத் தடைகள் தனி, அவை கடுமையானவை. பறிமுதல் செய்து கிடங்குகளில் அடுக்கிய செம்மரத்தை ஆந்திர அரசு ஏ, பி, சி என்று தரம் பிரித்து, 2014 முதல் உலகளாவிய மின்ஏலத்தில் விற்கவும் செய்தது. வெளிநாட்டு வணிகர்கள் எடுத்தார்கள். கள்ளத்தனமாக வெட்டப்பட்டு, காவலர் கைப்பற்றி, முத்திரை குத்தி, ஏற்றுமதிச் சான்றிதழோடு துறைமுகம் போகும் கட்டை சட்டப்படி சுத்தமானது. போய்ச் சேர்ந்த நாட்டில் அதை அறுத்து, உருட்டி, துளையும் போட்டுவிட்டால் அந்தச் சான்றிதழ்கூடத் தேவைப்படாது. ஒப்பந்தத்தின் கணக்கில் அப்புறம் அது செம்மரமே இல்லை.